கீழ்முதுகின் வளைவைக் கண்ணால் பார்த்துச் சொல்வது எவ்வளவு நம்பத்தக்கது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கமும், மேற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வரையிலும் உள்ள கடற்கரை ஊர்களில் இயன்முறை சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் தடைக்காலத்தில், ஆண்டு முழுவதும் பொறுத்துக்கொண்டிருந்த குறுக்கு வலியைக் காட்டிக்கொள்ள ஆட்கள் வருவார்கள். அவர்களில் பலருடைய கையில் ஏற்கனவே ஒரு சீட்டு இருக்கும். அதில் ‘முதுகு வளைவு அதிகம்’ என்றோ ‘வளைவு குறைந்துவிட்டது’ என்றோ எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைச் சுற்றி நோயாளிகளும், அவர்கள் வீட்டாரும், என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களும் கேட்டவற்றுக்கான விடைகள் இங்கே உள்ளன.

முதுகு வளைவு என்று எதைச் சொல்கிறார்கள்?

நம் பக்கத்தில் குறுக்கு என்று சொல்லும் கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இந்த அடுக்கு வயிற்றுப் பக்கமாக முன்னோக்கி வளைந்து, பின்னால் ஒரு குழிவைத் தரும். இதைத்தான் முன்வளைவு என்றும், மருத்துவச் சீட்டுகளில் லார்டோசிஸ் என்றும் எழுதுகிறார்கள். பிறந்த குழந்தைக்கு இந்த வளைவு ஏறக்குறைய இருப்பதில்லை. நிற்கவும் நடக்கவும் பழகும்போது அது உருவாகிறது. ஆகவே லார்டோசிஸ் என்ற சொல் நோயின் பெயரன்று. பாம்பனில் ஒரு தாய் அந்தச் சொல்லை இணையத்தில் தேடிப் படித்துவிட்டு இரண்டு நாள் உறங்காமல் வந்து நின்றதைப் பார்த்த பிறகு, இதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

ஒருவர் வளைவு அதிகம் என்றார். இன்னொருவர் வளைவே இல்லை என்றார். இருவரில் யார் சொல்வது சரி?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள், இருவரில் ஒருவர் திறமையற்றவர் என்று முடிவு செய்துகொண்டே வருகிறார்கள். அப்படி முடிவு செய்ய வேண்டியதில்லை. இருவருமே நன்கு படித்தவர்களாகவும் கவனமாகப் பார்த்தவர்களாகவும் இருந்தும், இப்படி மாறுபட்டுச் சொல்வது அந்த முறையிலேயே உள்ள குறை.

2003ஆம் ஆண்டு ‘ஸ்பைன்’ என்னும் முதுகெலும்பு மருத்துவ இதழில் பெடோரக் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இதை நேரடியாகச் சோதித்து எழுதினார்கள். 36 பேரைப் பக்கவாட்டில் நிற்கவைத்து எடுத்த படங்களை 28 மருத்துவத் துறையினரிடம் கொடுத்து, கழுத்திலும் கீழ்முதுகிலும் உள்ள வளைவு இயல்பானதா, கூடுதலா, குறைவா என்று மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். பார்த்தவர்களில் எலும்பு அறுவை மருத்துவர்கள், மூட்டுவாத மருத்துவர்கள், மறுவாழ்வு மருத்துவர்கள், இயன்முறை சிகிச்சையாளர்கள், கையால் முதுகெலும்பை அழுத்திச் சிகிச்சை தரும் கைரோபிராக்டிக் முறையினர் எனப் பல துறையினரும் இருந்தார்கள். அதே படங்களை மீண்டும் காட்டியபோது ஒருவர் தாம் முன்பு சொன்னதோடு ஒத்துப்போன அளவு, காப்பா என்னும் அளவுகோலில் 0.50 மட்டுமே. ஒருவர் சொன்னதோடு மற்றொருவர் ஒத்துப்போன அளவு 0.16. முழு ஒற்றுமைக்கு 1 என்றும், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் தற்செயலாக வரும் ஒற்றுமைக்கு 0 என்றும் வைத்துப் பார்த்தால், இரண்டாவது எண் எங்கே நிற்கிறது என்பது விளங்கும்.

முதல் எண்ணும் எனக்குப் பெரியதாகத் தெரியவில்லை. ஒரே ஆள், ஒரே படம், அதே கண்; படத்தில் இருப்பவர் அசையவுமில்லை, வேறுவிதமாக நிற்கவுமில்லை. அப்படியிருந்தும் பார்ப்பவர் தம் முந்தைய கருத்தோடு, தற்செயலுக்கு மேல் கிடைக்கக்கூடிய ஒற்றுமையில் பாதியளவே உடன்படுகிறார்.

0.16 என்பதை இன்னும் எளிதாகச் சொல்ல முடியுமா?

கரையில் நண்டைத் தரம் பிரிப்பதை எண்ணிப் பாருங்கள். 100 நண்டுகள் இருக்கின்றன. இருவர் தனித்தனியே ஒவ்வொன்றையும் பார்த்துப் பெரியது, சிறியது என்று பிரிக்கிறார்கள். ஒவ்வொருவரும் 80ஐப் பெரியது என்றும் 20ஐச் சிறியது என்றும் ஒதுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் நண்டைப் பார்க்காமலே இந்தக் கணக்குக்கு வாய்க்கு வந்தபடி சொல்லியிருந்தாலும், 64 நண்டுகளை இருவருமே பெரியது என்றும், 4 நண்டுகளை இருவருமே சிறியது என்றும் சொல்லியிருப்பார்கள். அதாவது 68 நண்டுகளில் ஒற்றுமை சும்மாவே வந்துவிடும். உண்மையில் அவர்கள் 74 நண்டுகளில் ஒத்துப்போனார்கள் என்றால், நூற்றுக்கு 74 என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பார்த்ததால் கிடைத்த கூடுதல் ஒற்றுமை ஆறே ஆறு நண்டுகள்தாம். கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் 32. ஆறை 32ஆல் வகுத்தால் 0.19 வரும். அதுதான் காப்பா.

இந்தக் கணக்கை 1960ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோஹன் வகுத்தார். 1977இல் லாண்டிஸ், காக் என்னும் இருவர் இதற்குப் படிநிலைகள் வைத்தார்கள்: 0.20 வரை மிகச் சிறிதளவு ஒற்றுமை, 0.41 முதல் 0.60 வரை நடுத்தரம், 0.61க்கு மேல் கணிசமானது, 0.81க்கு மேல் ஏறக்குறைய முழுமையானது. முதுகு வளைவைப் பற்றி இரு மருத்துவர்களுக்கிடையே கிடைத்த 0.16 இதில் ஆகக் கீழான படியில் விழுகிறது. மேலே சொன்ன நண்டுத் தரகர்களைவிடச் சற்றுக் குறைவு. அந்தத் தரத்தை நம்பி எந்த ஏற்றுமதியாளரும் விலை பேசமாட்டார் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இத்தனை ஆண்டு அனுபவம் உள்ள கண் ஏன் தவறுகிறது?

முதலாவதாக, நாம் பார்ப்பது தோலை. சொல்வதோ எலும்பைப் பற்றி. இரண்டுக்கும் இடையே தசையும் கொழுப்பும் இருக்கின்றன. பின்புறத் தசை பெருத்திருப்பவருக்கு, எலும்பின் வளைவு சாதாரணமாகவே இருந்தாலும், குறுக்கு ஆழமாகக் குழிந்ததுபோலத் தோன்றும். மெலிந்த முதியவருக்கு அதே வளைவு தட்டையாகத் தெரியும். சிறுவயது முதல் வலை இழுத்து வந்த ஒருவருக்கு முதுகெலும்பின் இருபுறமும் தசை கயிறுபோலத் திரண்டு, நடுவே ஓடை வெட்டியதுபோல ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் வளைவு அன்று. ஆனால் பக்கத்திலிருந்து அவசரமாகப் பார்க்கிறவருக்கு அது வளைவாகவே படும். இவற்றோடு உடையும் சேர்ந்துகொள்கிறது. சேலைக் கொசுவத்தின் மேலோ, மடித்துக் கட்டிய கைலியின் மேலோ பார்த்து, ஒரு பெண்ணின் அல்லது ஆணின் முள்ளெலும்பு எத்தனை வளைந்திருக்கிறது என்று சொல்வது நடவாத காரியம். கூச்சத்தை மதிக்க வேண்டியது நம் கடமை என்பதால், பல வேளைகளில் அப்படித்தான் பார்க்க நேர்கிறது.

இரண்டாவதாக, கண்ணுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கோடு வேண்டும். சுவர் எழுப்பும் கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு இருக்கிறது. அதைத் தொங்கவிட்ட பிறகே சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பேசுவார். முதுகைப் பார்க்கும் நமக்கு அந்தக் கோடு மனத்துக்குள் மட்டுமே இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் வேறு. எங்கே இயல்பு முடிந்து கூடுதல் தொடங்குகிறது என்பதற்கு ஒத்துக்கொண்ட எல்லை கண்ணால் பார்க்கும் முறையில் இல்லை. ஒருவர் தாம் பயின்ற கல்லூரியில் பார்த்த முதுகுகளை வைத்தும், மற்றவர் தம் சொந்த உடம்பை வைத்தும் எல்லை போட்டுக்கொள்கிறார்.

மூன்றாவதாக, பார்க்கப்படுகிறவர் மரக்கட்டை அல்லர். ‘நேராக நில்லுங்கள்’ என்றதும் நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை உள்ளிழுத்து, வீட்டில் ஒருபோதும் நிற்காத விதத்தில் நிற்பார். சற்றுநேரம் பேச்சுக்கொடுத்தால் வேறு விதமாக நிற்பார். வலி இருந்தால் இன்னும் மாறும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய பிறகு இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே போகிறது; அது பெரிய நன்மை. ஆனால் கடற்கரைக் குடிசையின் முற்றத்தில், சரிந்த மணலில், ஒரு கால் சற்றுப் புதைய நிற்பவரின் முதுகும், சிமென்ட் தரையில் நிற்பவரின் முதுகும் ஒன்றுபோல இருக்காது. ஓலைக் கொட்டகைக்குள் வாசல் வழியே ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் விழும்போது, குழிவின் நிழல் இருமடங்கு ஆழமாகத் தெரிவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

நான்காவதை ஒத்துக்கொள்வதுதான் கடினம். குறுக்கு வலி என்று ஒருவர் சொன்ன பிறகு அவர் முதுகைப் பார்க்கும் கண், குற்றத்தைத் தேடும் கண்ணாகிவிடுகிறது. வலி எங்கே என்று கேட்காமல் முதலில் முதுகை மட்டும் பார்த்தால் என்ன சொல்லியிருப்போமோ, அதை நாம் சொல்வதில்லை.

எத்தனை பாகை வளைவு இயல்பானது?

ஓர் எண்ணை எதிர்பார்த்துத்தான் இதைக் கேட்கிறார்கள். நலமாக இருப்பவர்களிடையேயே இந்த வளைவு மிகவும் வேறுபடுகிறது; நிற்கும்போது எடுத்த எக்ஸ்ரேயில் அளந்தால், வலியே அறியாத ஒருவருக்கு 35 பாகையும், அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு 65 பாகையும் இருக்கலாம். 2005ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் பியர் ரூசூலியும் குழுவினரும், முதுகுத் தொல்லை இல்லாத 160 பேரின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்து, இயல்பான முதுகுகளையே நான்கு வகையாகப் பிரித்தார்கள். தட்டையான முதுகும் அதில் உண்டு. நன்றாக வளைந்த முதுகும் அதில் உண்டு. இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அமைப்பைப் பொறுத்தது. இடுப்பெலும்பின்மேல் திருவெலும்பு, அதாவது முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பு, எந்தச் சாய்வில் அமர்ந்திருக்கிறதோ, அதற்கேற்ற வளைவை முதுகு எடுத்துக்கொள்கிறது. மூக்கின் வடிவம்போல அது அவரவர் கூடப் பிறந்த அமைப்பு. உடற்பயிற்சியால் மாற்றி எழுத முடியாதது.

கையால் தடவிப் பார்த்தால் சரியாகத் தெரியாதா?

கண்ணோடு கையும் சேர்ந்தால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கை இயல்பானது. ஆனால் எந்த முள்ளெலும்பின் மேல் விரல் இருக்கிறது என்பதே பல நேரங்களில் தவறிவிடுகிறது. 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், தினமும் முதுகுத்தண்டில் ஊசி போடும் பழக்கமுள்ள மயக்க மருத்துவர்கள், தங்கள் விரல் தொட்ட முள்ளெலும்பு இடைவெளியைச் சரியாகச் சொன்னது 29 விழுக்காடு நேரங்களில் மட்டுமே. எம்ஆர்ஐ படத்தோடு ஒப்பிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் அவர்கள் நினைத்ததற்கு ஒரு படி மேலே இருந்தார்கள். கை வேறு நன்மைகளைத் தரும்: எங்கே தொட்டால் நோகிறது, எங்கே தசை இறுகியிருக்கிறது என்பதெல்லாம் கையால்தான் தெரியும். வளைவின் அளவைக் கை சொல்லாது.

அப்படியானால் நேராக எக்ஸ்ரே எடுத்துவிடலாமே?

வளைவை அளப்பதற்கு எக்ஸ்ரேதான் உரைகல். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948இல் பக்கவளைவுக்காக விவரித்த முறையையே பின்னர் முன்வளைவுக்கும் பயன்படுத்துகிறார்கள்: மேல் எலும்பின் தளத்துக்கும் கீழ் எலும்பின் தளத்துக்கும் கோடு இழுத்து, இடையே உள்ள கோணத்தை அளப்பார்கள். அதிலும் அளப்பவருக்கு அளப்பவர் சில பாகைகள் கூடும், குறையும். கையை எங்கே வைத்து நின்றார், படுத்து எடுத்ததா, நின்று எடுத்ததா என்பதாலும் எண் மாறும்.

ஆனால் அளக்க முடியும் என்பதாலேயே அளக்க வேண்டும் என்றாகாது. ஆபத்தின் அறிகுறி ஏதும் இல்லாத குறுக்கு வலிக்கு முதல் ஆறு வாரங்களுக்குள் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ வழக்கமாகத் தேவையில்லை என்பதே மருத்துவ வழிகாட்டுதல்களின் பொதுவான நிலை. படம் எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். 2015இல் பிரிஞ்ஜிக்ஜி என்பவரும் குழுவினரும், முதுகுவலி இல்லாத 3,110 பேரை உள்ளடக்கிய 33 ஆய்வுகளைத் தொகுத்தபோது, முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டின் தேய்மானம் 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் இருந்தது. ‘ஜவ்வு தேஞ்சிருச்சு’ என்று கேட்டுவிட்டு மீன்கூடை தூக்குவதையே நிறுத்திவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். அந்தத் தேய்மானம் வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இருந்திருக்கக்கூடும்.

வளைவுதானே வலிக்குக் காரணம்?

இதற்கான சான்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வலி உள்ளவர்களின் சராசரி வளைவு சற்றுக் குறைவு என்று சில தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. வேறுபாடு இல்லை என்று சில சொல்கின்றன. வேறுபாடு கண்ட ஆய்வுகளிலும், வலி உள்ளவர்களின் அளவுகளும் இல்லாதவர்களின் அளவுகளும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன. ஒரு முதுகைப் பார்த்து, இதில் வலி இருக்கும், இதில் இருக்காது என்று பிரிக்க அந்த வேறுபாடு உதவாது.

இன்னொன்றும் உண்டு. நின்றிருக்கும் நொடியில் நாம் பார்க்கும் வளைவு, அந்த ஆளின் ஒருநாள் வாழ்க்கையின் வளைவு அன்று. ஜெர்மன் ஆய்வாளர்கள் 208 நலமான ஆட்களின் முதுகில் உணர்கருவி ஒட்டி 24 மணி நேரம் கவனித்து 2016இல் வெளியிட்டார்கள். நிற்கும்போது சராசரியாகச் சுமார் 33 பாகை இருந்த வளைவு, நாள் முழுவதுக்குமான சராசரியில் சுமார் 8 பாகையாக இருந்தது. நம் கரையில் இது இன்னும் தெளிவாக விளங்கும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கப் போகும் பெண், மணிக்கணக்கில் குனிந்தும் மூழ்கியும் எழுந்தும் வேலை செய்கிறார். கரைவலை இழுப்பவர் பின்னால் சாய்ந்து, குதிகாலை மணலில் ஊன்றி இழுக்கிறார். வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தியில் உப்பு வாருகிறவர் முன்னால் குனிந்தே நாளைக் கழிக்கிறார். பனையேறிக்கு வேறொரு முதுகு. இவர்கள் ஒவ்வொருவரையும் என் அறையில் ஒரு நிமிடம் நிற்கவைத்து, அந்த நிற்கும் நிலையிலிருந்து அவர்கள் வலிக்குக் காரணம் சொல்வது பொருந்தாது.

இதனால் உடல் நிலைக்கும் வலிக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிக எடையைத் தூக்குவதும், நெடுநேரம் குனிந்து வேலை செய்வதும், ஓய்வின்றி அதையே செய்வதும் குறுக்கு வலியோடு தொடர்புடையவை என்பது தெரிந்ததே. எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம், இடையில் எத்தனை தடவை நிமிர்ந்தார், இரவில் உறங்கினாரா என்று கேட்டால் கிடைக்கும் விடை, வளைவைப் பார்த்துக் கிடைக்கும் விடையைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

நிமிர்ந்து உட்காரச் சொல்கிறார்களே, அது சரிதானா?

எப்படி உட்காருவது சிறந்தது என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு ஐரோப்பிய நாடுகளின் 295 இயன்முறை சிகிச்சையாளர்களிடம் உட்காரும் நிலைகளின் ஒன்பது படங்களைக் காட்டினார்கள். 85 விழுக்காட்டினர் இரண்டு படங்களில் ஒன்றைச் சிறந்தது என்றார்கள். ஆனால் அந்த இரண்டு படங்களில் இருந்த முதுகுகளும் ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபட்டிருந்தன. வலை பின்னும்போது அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள் என்று சொல்வதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

அப்படியென்றால் கண்ணால் பார்ப்பதில் பயனே இல்லையா?

நிறையவே உண்டு, கண்ணிடம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ‘வளைவு எவ்வளவு’ என்ற கேள்விக்குக் கண் தடுமாறுகிறது. ‘காலை நீட்டும்போது முதுகு கூடவே அசைந்ததா, இல்லையா’ என்பதுபோல் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விக்குக் கண் நன்றாகவே விடை தருகிறது. 2007இல் லூமாயோகியும் குழுவினரும், கீழ்முதுகை அசையாமல் வைத்துக்கொண்டு உடலின் வேறு பகுதியை அசைக்கச் சொல்லும் பத்துச் சோதனைகளை 40 பேரிடம் எடுத்த காணொளிகளில் சோதித்தார்கள். பார்த்தவர்களுக்கிடையே காப்பா 0.24 முதல் 0.71 வரை வந்தது. பத்தில் ஆறு சோதனைகள் 0.6ஐத் தாண்டின. ஒருவர் தம் முந்தைய கருத்தோடு ஒத்துப்போனது 0.51 முதல் 0.96 வரை. பார்க்கும் முறைக்கு விதி எழுதி, இது நடந்தால் சரி, இது நடந்தால் தவறு என்று முன்கூட்டியே வரையறுத்ததால் கிடைத்த பலன் இது.

கண் கட்டாயம் பிடிக்க வேண்டியவையும் உண்டு. முதுகின் நடுவே திடீரென்று ஓர் எலும்பு மட்டும் பின்னால் கூராகப் புடைத்திருந்தால், அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அதை மறக்கவே கூடாது. ஒருவர் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்து, நிமிர முடியாமல், சட்டை மாட்டக்கூடத் திணறி நடந்து வருகிறார் என்றால் அதுவும் கண்ணுக்குத் தெரிவதுதான். முந்தைய வாரம் ஐஸ் பெட்டியைத் தூக்கப் பயந்தவர் இந்த வாரம் குனிந்து செருப்பை எடுக்கிறார் என்பதைப் பார்க்கும் கண், எந்தக் கோணமானியும் தராத செய்தியைத் தருகிறது.

என் மகளின் முதுகு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது என்று பள்ளி முகாமில் சொன்னார்கள். அதுவும் இப்படித்தானா?

அது வேறு விஷயம், தட்டிக்கழிக்க வேண்டாம். இடமோ வலமோ வளைவதைப் பக்கவளைவு, ஸ்கோலியோசிஸ் என்கிறோம். இதற்குப் பார்க்கும் முறை ஓரளவு வரையறுக்கப்பட்டது: பிள்ளையை இரு கைகளையும் சேர்த்து முன்னால் குனியச் சொல்லி, பின்னாலிருந்து பார்க்கும்போது விலாவின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட உயர்ந்திருக்கிறதா என்று கவனிப்பார்கள். ஸ்கோலியோமீட்டர் என்னும் சிறு மட்டக்கருவியை முதுகில் வைத்துச் சுழற்சியை அளப்பதும் உண்டு. அது 7 பாகை அளவில் இருந்தால் எலும்பு மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம். எக்ஸ்ரேயில் 10 பாகையும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்று பெயரிடுவார்கள். வளரும் வயதில் இது கூடக்கூடியது என்பதால், பூப்பெய்தும் வயதை ஒட்டிய பெண்பிள்ளைகளைக் காலம் தாழ்த்தாமல் காட்டுங்கள்.

எக்ஸ்ரே இல்லாமல் வளைவை அளந்து, மாற்றத்தைக் கவனிக்க வழி உண்டா?

வளைந்து கொடுக்கும் அளவுகோலை முதுகோடு ஒட்டவைத்து, அந்த வடிவைத் தாளில் வரைந்து அளக்கலாம். சாய்வுமானியை முள்ளெலும்பு வரிசையின் மேலும் கீழும் வைத்து இரண்டு எண்களையும் எழுதலாம். இவை தோலின் வடிவத்தையே அளக்கின்றன. எக்ஸ்ரே எண்ணோடு ஒன்றாகிவிடாது. ஆனால் ஒரே ஆள் ஒரே முறையில் மீண்டும் அளக்கும்போது ஒப்பிடத்தக்க எண் கிடைக்கும்.

கைபேசியில் படம் எடுப்பதாக இருந்தால், தரையில் பாதத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கவையுங்கள். கைபேசியை இடுப்பு உயரத்தில், அதே தொலைவில், சாயாமல் வையுங்கள். ஒரு படத்தோடு நிறுத்தாமல், நடந்துவந்து மீண்டும் நிற்கச் சொல்லி மூன்று படம் எடுங்கள். மூன்றும் ஒன்றுபோல இல்லாததை நீங்களே பார்ப்பீர்கள். படம் எடுக்கும் முன் அவரிடம் ஒப்புதல் கேட்பதையும், வேலை முடிந்ததும் அழிப்பதையும் மறக்காதீர்கள்.

மாணவர்கள் நோயாளிக் குறிப்பில் இதை எப்படி எழுத வேண்டும்?

பாசி எடுக்கப் போகும் ஓர் அக்காவின் குறிப்பில் ‘வளைவு அதிகம்’ என்று எழுதியிருந்தேன். மூன்று வாரம் கழித்து, பழைய பக்கத்தைப் புரட்டாமலே ‘வளைவு இயல்பு’ என்று எழுதினேன். இடையில் அவருக்குக் கொடுத்த பயிற்சி வளைவைச் சரிசெய்துவிட்டது என்று நானும் நம்பினேன், அவரிடமும் சொன்னேன். அவர் அந்தப் பயிற்சியைச் செய்யவே இல்லை என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. ‘அலையில போகவும் வரவும் சரியா இருந்துச்சு டாக்டரம்மா, எங்க செய்ய’ என்றார். மாறியது அவர் முதுகன்று, என் பார்வை. அன்றிலிருந்து குறிப்பில் வளைவுக்கான பெயரடைகளை எழுதுவதை விட்டுவிட்டேன்.

எழுத வேண்டியது இவை: என்ன செய்யச் சொன்னீர்கள், என்ன நடந்தது, எந்த அசைவில் வலி கூடியது, எதில் குறைந்தது, எத்தனை நிமிடம் நிற்க முடிந்தது, எத்தனை கிலோ தூக்க முடிந்தது. அளந்திருந்தால் எந்தக் கருவியால், எந்த நிலையில் அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கண்ணால் மட்டும் பார்த்ததைக் கட்டாயம் எழுத நேர்ந்தால், ‘கண்ணால் பார்த்தது, அளக்கவில்லை’ என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்து அந்தச் சீட்டைப் படிப்பவர், அதை அளவாக எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடராமல் இருக்க அது உதவும்.

‘உங்கள் வளைவு சரியில்லை’ என்று ஒருவர் சொன்னால் நோயாளி என்ன கேட்கலாம்?

மரியாதையோடு மூன்றைக் கேட்கலாம். அளந்தீர்களா, பார்த்துச் சொல்கிறீர்களா? இந்த வளைவுதான் என் வலிக்குக் காரணம் என்பதற்கு, அசைத்துப் பார்த்ததில் ஏதேனும் தெரிந்ததா? நீங்கள் சொல்லும் சிகிச்சையால் வளைவு மாறாவிட்டாலும் வலி குறையுமா? நல்ல சிகிச்சையாளர் இவற்றுக்கு முகம் சுளிக்கமாட்டார். வளைவைச் சரிசெய்வதாகச் சொல்லி நீண்ட நாள் கட்டணத்துக்கோ, விலையுயர்ந்த இடுப்புப் பட்டைக்கோ கையெழுத்துக் கேட்டால், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

எந்த நிலையில் சற்றும் தாமதிக்கக் கூடாது?

சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்வது, அல்லது அறியாமல் சிறுநீரோ மலமோ போவது. தொடையிடுக்கிலும் மலவாயைச் சுற்றியும் மரத்துப்போவது. கால் பலமிழந்து செருப்பு நழுவுவது. இவற்றில் ஒன்று குறுக்கு வலியோடு புதிதாக வந்தாலும், இரவானாலும், 108ஐ அழைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகில் எம்ஆர்ஐ வசதியும் அறுவை மருத்துவரும் உள்ள வேறு மருத்துவமனைக்கோ அன்றே போய்விட வேண்டும். காய்ச்சல், மாலை நேர வியர்வை, காரணமின்றி எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, படகில் விழுந்தோ பனையிலிருந்து விழுந்தோ அடிபட்டது, படுத்தாலும் குறையாத இரவு வலி ஆகியவை இருந்தால் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள். அங்கே போனதும் முதுகு வளைந்திருக்கிறது என்று தொடங்காமல், இந்த அறிகுறி எந்த நாளில், எந்த நேரத்தில் தொடங்கியது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.